நிபா நியூஸ் வந்தாலே நாடுகாணில டெம்பரேச்சர் பாக்குறாங்களே, அது போதுமா? கூடலூர், பந்தலூர் மக்கள் அடிக்கடி கேக்குற கேள்விகள்

கேரளால நிபான்னு (பழந்தின்னி வவ்வால்ல இருந்து வர்ற வைரஸ் காய்ச்சல்) டிவில ஓடுன மறுநாளே நாடுகாணி மாதிரி நம்ம நீலகிரி-கேரளா பார்டர் செக்போஸ்ட்ல தார்ப்பாய் கட்டி, ரெண்டு சேர் போட்டு, நெத்தில துப்பாக்கி மாதிரி ஒண்ண நீட்டி காய்ச்சல் பாக்க ஆரம்பிச்சிடுவாங்க. அதே வேகத்துல நம்ம ஆளுங்களும் திட்ட ஆரம்பிச்சிடுவாங்க. நான் பந்தலூர் பக்கம் மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கேன், அந்த நாட்கள்ல கடைக்கு வர்றவங்க மாத்திரைய விட கேள்விதான் அதிகம் வாங்கிட்டு போவாங்க, திரும்ப திரும்ப ஒரே கேள்வியா வர்றதால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சிட்டேன். நான் டாக்டர் இல்ல, அத முன்னாடியே சொல்லிடறேன்.

கே: செக்போஸ்ட்ல டெம்பரேச்சர் பாக்குறதெல்லாம் சும்மா கண்துடைப்பு தானே?

பாதி கண்துடைப்பு, பாதி இல்ல. ரெண்டையும் சொல்றேன்.

நிபா உடம்புக்குள்ள போனா பெரும்பாலும் 4 நாள்ல இருந்து 14 நாளைக்குள்ள தான் காய்ச்சல் வரும். அந்த இடைப்பட்ட நாள்ல ஒருத்தர் நாடுகாணி வழியா நூறு தடவ போய் வந்தாலும் மெஷின் ஒண்ணும் காட்டாது. காய்ச்சல் இருக்கறவரும் ஒரு மாத்திரை போட்டா நார்மல் தான். என் கடைல நின்னுக்கிட்டே ஒருத்தர், "அண்ணா, ஒரு டோலோ குடுங்க, செக்போஸ்ட் தாண்டணும்"னு வாய் கூசாம கேட்டாரு. எதுக்கு போறீங்கன்னு கேட்டேன், மாமியாருக்கு சீரியஸாம். அவர நான் என்ன சொல்ல.

அதுக்கு மேல நம்ம ஊர் கிளைமேட் வேற. ஜூலை மாசம் ஒரு செக்போஸ்ட்ல பஸ்ஸுக்குள்ள இருந்து பாத்தேன், விடாத மழை, மஞ்சு வேற இறங்கிடுச்சு, பைக்ல நனஞ்சு வந்த பையன் ஹெல்மெட்ட கழட்டினான், அந்த அக்கா நெத்தில மெஷின வெச்சாங்க, 33-ன்னு காட்டுது. 33 டிகிரின்னா அவன் ஐசியுல இருக்கணும். நெத்தி ஜில்லுன்னு இருந்தா அந்த மெஷின் அப்படித்தான் காட்டும். அந்த அக்கா மெஷின தன் ரெயின்கோட்டுல துடைச்சு மறுபடி வெச்சாங்க, இப்ப 34. "சரி போ தம்பி"ன்னுட்டாங்க. நோட்ல என்ன எழுதினாங்கன்னு தெரியல.

அப்ப எதுக்கு நிக்கிறாங்கன்னா, மூணு விஷயத்துக்கு ஆகும். ஒண்ணு, நல்லா முடியாம, காய்ச்சலும் குழப்பமுமா இருக்கற ஆள் பஸ்ல வந்தா அங்கயே தெரிஞ்சிடும், நிபால மத்தவங்களுக்கு அதிகமா பரவுறது அந்த ஸ்டேஜ்ல தான். ரெண்டு, போன் நம்பர் வாங்கி வெச்சா பின்னாடி தேட உதவும். மூணு, "கோழிக்கோட்ல ஆஸ்பத்திரிக்கு போனீங்களா"ன்னு வாய திறந்து கேட்டா, அந்த ஒரு கேள்வி மெஷின விட உருப்படியானது. கேக்குறாங்களான்னு பாருங்க. கேக்கலன்னா அதுக்குதான் சண்ட போடணும்.

கே: பேசாம பார்டர மூடிட வேண்டியது தானே? கவர்மெண்ட்டுக்கு ஏன் தைரியம் இல்ல?

இத பெரும்பாலும் ஊட்டி, குன்னூர்ல இருக்கறவங்கதான் சொல்றாங்க, கூடலூர் தாலுக்கா ஆளுங்க சொல்ல மாட்டாங்க. எங்களுக்கு நாடுகாணி, சோலாடி, தாளூர், பாட்டவயல், நம்பியார்குன்னு இதெல்லாம் பார்டர் இல்ல, பக்கத்து தெரு. எங்கள்ல பாதி பேருக்கு சம்பந்தி வயநாட்ல, மீன் வர்றது கோழிக்கோட்ல இருந்து, பிரசவத்துக்கு சுல்தான் பத்தேரி, ஹார்ட்டு கிட்னின்னா பெரிந்தல்மண்ணா. கூடலூர்ல இருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர் மலை ரோடு, மழைல மரம் விழுந்தா அதுவும் கிடையாது. 2020-ல பார்டர மூடினப்ப டயாலிசிஸ்காரங்க பட்ட பாட்ட பாத்தவங்க மறுபடியும் மூடுன்னு சொல்ல மாட்டாங்க.

அதோட மெயின் ரோட்ல கேட் போட்டா எஸ்டேட் வழியா, வயல் வரப்பு வழியா ஆள் போய்க்கிட்டேதான் இருப்பான், அவன் எங்க போனான்னு யாருக்கும் தெரியாது. திறந்து வெச்சு கேள்வி கேக்குறது எவ்வளவோ மேல்.

கே: இதுவும் கொரோனா மாதிரி தானா? மறுபடியும் லாக்டவுனா?

இல்ல. கொரோனா வேகமா பரவும், செத்தவங்க சதவீதம் கம்மி. நிபா அதுக்கு நேர் எதிர், பரவுறது கஷ்டம், ஆனா வந்தவங்கள்ல 40-ல இருந்து 75 சதவீதம் வரைக்கும் இறந்திருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. எச்சில், சளி, ரத்தம், மூத்திரம் மேல படுற அளவுக்கு கிட்ட இருந்து கவனிச்சவங்களுக்குத்தான் பெரும்பாலும் வருது. ரோட்ல எதிர்ல போனவருக்கு வராது. 1998, 99-ல மலேசியால பன்றிப் பண்ணைல கண்டுபிடிச்சாங்க, அங்க ஒரு கிராமத்தோட பேருதான் நிபா. நம்ம நாட்ல 2001-லயே சிலிகுரில வந்திருக்கு.

கேரளால 2018-ல கோழிக்கோடு, மலப்புரத்துல 17 பேர் போயிட்டாங்க. 2019-ல எர்ணாகுளத்துல ஒரே ஒரு ஸ்டூடண்ட், பொழச்சிட்டான். 2021-ல கோழிக்கோட்ல 12 வயசு பையன் ஒருத்தன் இறந்தான், அவனோட நின்னுடுச்சு. 2023-ல மறுபடி கோழிக்கோடு, 6 கேஸ், 2 சாவு. 2024-ல மலப்புரத்துல ரெண்டு தடவ, 2025 ஜூலைல மலப்புரமும் பாலக்காடும். நல்லா கவனிங்க, 2018-க்கு அப்புறம் நம்பர் பெருசா ஏறவே இல்ல. வைரஸ் மனசு மாறல. ஆஸ்பத்திரிங்க சந்தேகப்பட கத்துக்கிட்டாங்க.

கே: 2018-ல அங்க அப்படி என்ன தப்பு நடந்துச்சு, அப்புறம் என்ன மாத்தினாங்க?

இதுதான் முக்கியமான கேள்வி, ஆனா யாரும் கேக்குறதில்ல.

2018 மே மாசம் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா பக்கம் ஒரு குடும்பத்துல முதல் பையன் இறந்தப்ப யாருக்கும் ஒண்ணும் தெரியாது, ஏதோ மூளைக் காய்ச்சல்னு விட்டுட்டாங்க. அதே வீட்ல ரெண்டாவது ஆளும் அதே மாதிரி வந்ததும் கோழிக்கோட்ல இருந்த டாக்டருங்க உஷாராகி சாம்பிள மணிப்பால் லேபுக்கு அனுப்பினாங்க, அப்புறம் புனேல இருக்கற வைராலஜி இன்ஸ்டிடியூட்ல உறுதி ஆச்சு. ஆனா அதுக்குள்ள முதல் பையன் படுத்திருந்த ஆஸ்பத்திரி வார்டு, ஸ்கேன் எடுத்த வராந்தா, இங்கெல்லாம் நின்ன மத்த நோயாளிங்க, கூட வந்தவங்கன்னு ஒட்டிக்கிச்சு. அந்த தடவ பெரும்பாலான பேருக்கு வந்தது வவ்வால்ல இருந்து இல்ல, ஆஸ்பத்திரில இருந்து. பேராம்பிரா தாலுக்கா ஆஸ்பத்திரி நர்ஸ் லினி, அவனுக்கு நர்சிங் பாத்தவங்க, மே 21 அன்னிக்கு இறந்துட்டாங்க.

அப்புறம் கேரளா செஞ்சது என்னன்னா, 2,000 பேருக்கு மேல லிஸ்ட் போட்டு தினமும் போன்ல விசாரிச்சாங்க, அப்ப ஹெல்த் மந்திரியா இருந்த ஷைலஜா டீச்சர் கோழிக்கோட்லயே உக்காந்து தினமும் பிரஸ்ஸ பாத்தாங்க, நல்லதும் கெட்டதும் அவங்க வாயாலயே வந்துச்சு. அது மாதிரி ஒரு ஆள் தினமும் ஒரே நேரத்துல வந்து பேசினாலே பாதி வதந்தி செத்துடும். நம்ம சைடுல ஒரு நாள் கலெக்டர் அறிக்கை, ஒரு நாள் டிபார்ட்மெண்ட் அறிக்கை, மூணாவது நாள் ஒண்ணுமே இல்ல, மக்கள் என்ன பண்ணுவாங்க, மலையாள வாட்ஸ்அப்ல இருந்து வர்றத நம்புவாங்க.

கே: முதல்ல வவ்வால்னாங்க, அப்புறம் வவ்வால் இல்லன்னாங்க, மறுபடி வவ்வால்னாங்க. அதிகாரிங்களுக்கே தெரியாதா?

இந்த கோபம் நியாயமானது, ஆனா நடந்தது இதுதான். 2018-ல அந்த வீட்டு கிணத்துல இருந்த வவ்வால பிடிச்சு டெஸ்ட் பண்ணாங்க, நெகட்டிவ். உடனே "வவ்வாலால இல்ல"ன்னு ஹெட்லைன். கிணத்துல இருந்தது பூச்சி திங்கிற சின்ன வவ்வால், நிபா இருக்கறது பழம் திங்கிற பெரிய வவ்வால்ல. அத பிடிச்சு டெஸ்ட் பண்ணப்ப வைரஸ் கிடைச்சுது, நோயாளிங்க கிட்ட எடுத்த வைரஸோட கிட்டத்தட்ட ஒத்தும் போச்சு. முதல் நாளே "இது தப்பான வவ்வாலா கூட இருக்கலாம், இன்னும் பாக்கணும்"னு ஒரு வரி சேத்து சொல்லியிருந்தா இந்த குழப்பமே வந்திருக்காது. "முழுசா தெரியல"ன்னு சொன்னா மக்கள் பயந்துடுவாங்கன்னு ஆபீஸர்ங்க நெனைக்கிறாங்க. எங்க ஊர் ஆளுங்க யானை வர்ற ரோட்ல நடந்து வேலைக்கு போறவங்க சார், "தெரியல"ன்னா ஒண்ணும் ஆயிடாது.

கே: அப்போ நம்ம ஊர் மரத்துல தொங்குற வவ்வால ஏன் விரட்ட மாட்டேங்குறாங்க? பஞ்சாயத்துல சொன்னா காதுல வாங்கல.

இதுல அதிகாரிங்க பக்கம் தான் நியாயம். வவ்வால் மரத்த வெட்டினா, வெடி வெச்சா அது சாகாது, கலைஞ்சு நாலு ஊருக்கு போகும், பயத்துல உடம்பு கெட்டா வைரஸ் இன்னும் அதிகமா வெளிய வரும்னுதான் விஞ்ஞானிங்க சொல்றாங்க. தமிழ்நாடு உட்பட பல மாநிலத்துல பழந்தின்னி வவ்வால்ல நிபாவோட தடயம் ஏற்கெனவே கிடைச்சிருக்கு, அதனால "நம்ம வவ்வால் சுத்தம், கேரளா வவ்வால்தான் அசுத்தம்"னு ஒண்ணும் கிடையாது. மரத்துக்கு கீழ விழுந்த பழத்த எடுக்காதீங்க, கிணத்துக்கு வலை போடுங்க, அவ்வளவுதான்.

கே: பர்லியார் ரம்புட்டான், மங்குஸ்தான் வாங்கலாமா? பலாப்பழம்?

வாங்கலாம். முழுசா, கடி இல்லாம, கீறல் இல்லாம இருக்கறத வாங்குங்க, நல்லா கழுவி தோல் உரிச்சு சாப்பிடுங்க. பாதி கடிச்சது, ஓட்ட விழுந்தது எதுன்னாலும் தூக்கி போடுங்க, அந்த பக்கத்த மட்டும் வெட்டிட்டு மீதிய திங்கிற பழக்கம் வேண்டாம். வீட்டுத் தோட்டத்து கொய்யாவுக்கும் இதே கணக்குதான்.

ஒவ்வொரு தடவையும் நியூஸ் வந்ததும் குன்னூர் மேட்டுப்பாளையம் ரோட்ல பழம் விக்கிறவங்க வயித்துல அடிக்குது. 2018-ல வளைகுடா நாடுங்களே கேரளா பழத்த நிறுத்தினாங்க, அந்த பயம் இங்க வரைக்கும் வந்துடுது. தோட்டக்கலைத் துறையும் ஹெல்த்தும் சேந்து அந்த ரோட்ல ஒரு போர்டு வெச்சு எந்தப் பழம் வாங்கலாம், எது வாங்கக்கூடாதுன்னு படத்தோட போட்டா வியாபாரமும் படுக்காது, ஜனத்துக்கும் தெரியும். சொன்னா சிரிக்கிறாங்க.

கே: பாட்டவயல் தாண்டி கள்ளு குடிக்க போறவங்களுக்கு?

சிரிக்காதீங்க, இது நிஜமாவே நல்ல கேள்வி. பங்களாதேஷ்ல நிபா அடிக்கடி வர்றதுக்கு காரணமே ராத்திரி மரத்துல திறந்து கட்டுன பானைல இறக்கற ஈச்சம் பால பச்சையா குடிக்கிறதுதான், வவ்வால் வந்து நக்கிட்டு போகுது. தென்னங்கள்ளும் திறந்த பானைதான். நிபா நியூஸ் ஓடுற மாசத்துலயாவது விட்டுடுங்க. டாஸ்மாக்குக்கு இந்த பிரச்சன இல்ல, அத பத்தி வேற பிரச்சனைங்க இருக்கு.

கே: இங்க கேஸ் இருக்கு, ஊட்டி சீசன் கெட்டுடும்னு மறைக்கிறாங்கன்னு சொல்றாங்களே?

நீலகிரில நிபா உறுதியானதா இதுவரைக்கும் ஒரு அறிவிப்பும் வரல. மறைக்க முடியுமான்னு யோசிச்சு பாருங்க. சந்தேகம்னா சாம்பிள் வெளிய லேபுக்கு போகணும், கடைசில புனேல உறுதி ஆகணும், அங்கருந்து டெல்லிக்கு தெரியும். நாலு ஆபீஸ்ல பத்து பேருக்கு தெரிஞ்ச விஷயம் நம்ம மார்க்கெட்ல டீ ஆர்றதுக்குள்ள பரவிடும்.

ஆனா இந்த சந்தேகம் சும்மா வரல. கொரோனா டைம்ல மலைக்கு வர இ-பாஸ்னாங்க, உள்ளூர் ஆள் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு போக அலைஞ்சப்ப வெளியூர் வண்டி ரிசார்ட்டுக்கு ஏறிட்டு இருந்துச்சுன்னு இன்னிக்கும் பேசுறாங்க. 2021 செப்டம்பர்ல தடுப்பூசி சர்டிபிகேட் காட்டினாத்தான் டாஸ்மாக்ல சரக்குன்னு மாவட்ட நிர்வாகம் சொன்னுச்சு, ஊசி போட ஆள் வந்தாங்களோ இல்லையோ, அடுத்தவன் சர்டிபிகேட்ட போன்ல வாங்கி காட்டுற கூட்டம் வந்துச்சு. ரூல் எல்லாருக்கும் ஒண்ணு இல்லன்னு ஒரு தடவ மனசுல பட்டுட்டா அப்புறம் உண்மைய சொன்னாலும் நம்ப மாட்டாங்க. சாம்பிள் போனா "சாம்பிள் போயிருக்கு, ரிசல்ட் இன்ன நாள் வரும்"னு அன்னிக்கே சொல்லிடணும், நெகட்டிவ் வந்தா அதையும் சொல்லணும். புனே ரிசல்ட் வர்ற வரைக்கும் "வதந்திகளை நம்ப வேண்டாம்"னு மட்டும் அறிக்கை விட்டா மக்கள் வதந்திய மட்டும்தான் நம்புவாங்க.

கே: நோயாளி எந்த ஊரு, யாருன்னு ஏன் சொல்ல மாட்டேங்குறாங்க? எங்க உயிர் முக்கியம் இல்லையா?

பேர் தெரிஞ்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க. உங்களுக்கு வேண்டியது இடமும் நேரமும். கேரளால ரூட் மேப்னு போடுறாங்க, 2024 ஜூலைல நிபா வந்த மலப்புரம் பாண்டிக்காட்டு பையனுக்கு கூட போட்டாங்க, எந்த தேதி எத்தன மணிக்கு எந்த பஸ், எந்த கிளினிக்னு. பேர் இருக்காது, ஆனா அந்த நேரத்துல அங்க இருந்தவங்க தானா போன் பண்ணுவாங்க. நம்ம மாவட்டத்துக்கு அப்படி ஒரு நாள் வந்தா இதுதான் வேணும்னு இப்பவே கேளுங்க.

பேரும் வீடும் வெளிய வந்தா என்ன ஆகும்னு பாத்திருக்கோம். கொரோனால தமிழ்நாட்டுல எத்தன வீட்டு வாசல்ல தகரம் அடிச்சாங்க. 2020 ஏப்ரல்ல சென்னைல கொரோனால இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் உடம்ப புதைக்க விடாம ஆம்புலன்ஸ் மேல கல்லெறிஞ்சது நம்ம ஜனம்தான். 2018-ல பேராம்பிரா நர்ஸுங்க ஆட்டோ, பஸ்ல ஏறினா மத்தவங்க ஒதுங்கினாங்க. தகரத்துக்கு பயந்தவன் காய்ச்சல சொல்ல மாட்டான், என் கடைக்கு வந்து மாத்திரை வாங்கி அமுக்கத்தான் பாப்பான். நோய விட எனக்கு இதுதான் பயம்.

கே: போன வாரம் பெரிந்தல்மண்ணா ஆஸ்பத்திரிக்கு போய்ட்டு வந்தோம். யார்கிட்டயாவது சொல்லணுமா? சொன்னா அடைச்சு வெச்சிடுவாங்களா?

சும்மா போய்ட்டு வந்ததுக்கு யாரும் அடைக்க மாட்டாங்க. அந்த ஆஸ்பத்திரி பேர் ரூட் மேப்ல வந்திருந்து, அதே நாள், அதே நேரம்னா மட்டும் 104-க்கு (ஹெல்த் ஹெல்ப்லைன்) போன் போடுங்க, இல்லன்னா உங்க வி.எச்.என். (கிராம சுகாதார நர்ஸ்) அக்காகிட்ட சொல்லுங்க. லிஸ்ட்ல உங்க பேர் வந்தா பொதுவா 21 நாள் கவனிப்பாங்க, எவ்வளவு கிட்ட இருந்தீங்கங்கறத பொறுத்து வீட்லயே இருக்கணும், தினமும் காய்ச்சல் பாத்து சொல்லணும். காய்ச்சல், தலவலி, இருமல், மூச்சு வாங்குறது, பேச்சு குழறுறது, தூக்கக் கலக்கம் மாதிரி வந்தா நேரா கிளினிக்ல போய் பெஞ்சுல உக்காராதீங்க, முதல்ல போன் பண்ணுங்க, 108 வரும்போதே சொல்லிடுங்க, அவங்க கவசம் போட்டுட்டு வருவாங்க.

கே: 21 நாள் வீட்ல இருந்தா சம்பளம் யார் குடுப்பா?

இதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல, டிபார்ட்மெண்ட்கிட்டயும் இல்ல. எஸ்டேட்ல இலை பறிக்கிறவங்களுக்கு நாள் கூலி, பாடில (எஸ்டேட் லைன் வீடு) ஒரே ரூம்ல ஆறு பேர். "தனி அறையில் இருக்கவும்"னு நோட்டீஸ் அடிச்சவரு ஒரு பாடி வீட்ட உள்ள போய் பாத்திருக்க மாட்டாரு. அரிசியும் கூலியும் குடுத்து ஸ்கூல்லயோ கம்யூனிட்டி ஹால்லயோ தங்க வெச்சா ஜனம் தானா வரும், வெறும் உத்தரவு போட்டா ராத்திரியோட ராத்திரியா கோயமுத்தூர் பஸ் ஏறிடும். யூனியன்காரங்க போனஸ் பேசும்போது இதையும் சேத்து பேசினா தேவல.

கே: ஆதிவாசி ஊருங்கள்ல சொன்னா கேக்க மாட்டாங்கன்னு ஹெல்த் ஸ்டாஃப் சொல்றாங்களே?

எனக்கு கோபம் வர்ற கேள்வி இது. 2021-ல கொரோனா ஊசின்னதும் சில ஊர்ல காட்டுக்குள்ள ஓடினது உண்மை. ஆனா அதே வருஷம் நாட்டுலயே முன்னாடி ஆதிவாசி ஜனம் ஏறக்குறைய எல்லாருக்கும் ஊசி போட்ட மாவட்டம்னு நீலகிரி பேர் வாங்கினதும் உண்மை. ரெண்டுக்கும் நடுவுல நடந்தது என்னன்னா, கூடலூர்ல 1990-ல இருந்து ஆதிவாசிங்களுக்குன்னே இருக்கற அஸ்வினி ஆஸ்பத்திரி மாதிரி இடங்கள்ல வேல செய்யற அந்தந்த சமுதாயத்து பொண்ணுங்களே வீடு வீடா போய், பணிய பாஷைல, காட்டுநாயக்கர் பாஷைல பேசினாங்க. யாருன்னே தெரியாத ஜீப் வந்து நின்னு மைக்ல தமிழ்ல கத்தினா நானே ஓடிடுவேன்.

நிபாவுக்கும் அதேதான். தேன் எடுக்க, விறகுக்கு காட்டுக்கு போறவங்களுக்கு வவ்வால் எங்க தொங்குது, எந்த மாசத்துல எங்க வருதுன்னு நம்மள விட நல்லா தெரியும். அவங்ககிட்ட போய் கேட்டா டிபார்ட்மெண்ட்டுக்குத்தான் லாபம். குரங்கு காய்ச்சலுக்கும் (கே.எஃப்.டி., காட்டுல உண்ணி கடிச்சு வர்றது) இதேதான், காட்டுல குரங்கு செத்து கிடந்தா முதல்ல பாக்குறது அவங்கதான், சொன்னா கேட்டு எழுதிக்க ஆள் வேணும்.

கே: நம்ம கூடலூர் ஜி.எச்.ல ஒரு கேஸ் வந்தா சமாளிப்பாங்களா? ஊட்டில பெரிய ஆஸ்பத்திரி திறந்துட்டாங்களே?

ஊட்டி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி 2025 ஏப்ரல்ல திறந்தாங்க, 700 பெட், சந்தோஷம். ஆனா அது ரொம்ப முடியாதவர மலை ஏத்தி கொண்டு போற தூரம். முதல் நாள் அவர் வந்து நிக்கப்போறது பந்தலூர்லயோ கூடலூர்லயோ ஏதோ ஒரு ஓ.பி. வரிசைலதான். 2018-ல கேரளால தீ பிடிச்சதும் அது மாதிரி ஆஸ்பத்திரி வார்டுலயும் வராந்தாலயும் தான். அதனால கட்டடம் எத்தன மாடின்னு கேக்குறத விட்டுட்டு இத கேளுங்க: காய்ச்சலோட குழப்பமா வர்றவங்களுக்கு தனி வழி இருக்கா, வாசல்ல நிக்கிற ஸ்டாஃபுக்கு மாஸ்க், கிளவுஸ் கைல இருக்கா ஸ்டோர் ரூம்ல பூட்டி இருக்கா, நைட் டூட்டி டாக்டருக்கு "எங்கயாவது போனீங்களா, யாருக்காவது முடியலையா"ன்னு கேக்க டைம் இருக்கா, ஐம்பது பேர் வெளிய நிக்கும்போது. தடுப்பூசி கிடையாது, இதுதான் மருந்துன்னு உறுதியான மருந்தும் கிடையாது, கேரளால ஆஸ்திரேலியால இருந்து வரவழைச்ச ஆன்டிபாடி வெச்சிருக்காங்க, அதுவும் இன்னும் சோதனை கட்டத்துல தான். அதனால முதல் அஞ்சு நிமிஷத்துல சந்தேகப்படுறதுதான் பெரிய வைத்தியம்.

பார்டர்ல நாள் முழுக்க நெத்திய பாத்துட்டு நிக்கிற ஸ்டாஃப்ல பாதி பேர அந்த ஓ.பி. வாசலுக்கு மாத்தினா இன்னும் பிரயோஜனம்னு நான் சொல்வேன். டிவில காட்ட முடியாது, அதான் பிரச்சன.

கே: செக்போஸ்ட் ஸ்டாஃப்கிட்ட கோவத்துல சத்தம் போட்டா கேஸ் ஆகுமா?

சத்தம் போட்டா எந்த அளவுன்னு பாப்பாங்க. கை வெச்சா, பொருள உடைச்சா கண்டிப்பா ஆகும். 1897-ம் வருஷ தொற்றுநோய் சட்டத்த 2020-ல திருத்தி, ஹெல்த் ஸ்டாஃப அடிச்சா 3 மாசத்துல இருந்து 5 வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000-ல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம், பலமா காயம்னா 7 வருஷம் வரைக்கும்னு வெச்சிருக்காங்க. சட்டத்த விடுங்க, அந்த தார்ப்பாய்க்கு கீழ நிக்கிறது பெரும்பாலும் டெம்பரவரி ஸ்டாஃப், பாத்ரூம் கூட பக்கத்துல கிடையாது. உத்தரவு போட்டவர் அங்க இல்ல. கோபத்த அவருக்கு அனுப்புங்க, முதல்வர் ஹெல்ப்லைன் 1100-ல புகார் போடலாம், கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழம மனு குடுக்கலாம், கிராம சபைல தீர்மானம் போடலாம். எத்தன பேர செக் பண்ணீங்க, எத்தன பேர ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீங்க, எத்தன சாம்பிள் எடுத்தீங்கன்னு ஆர்.டி.ஐ.ல மூணு வரில கேக்கலாம்.

கே: சிக்கன் சாப்பிடலாமா? பன்றி?

நல்லா வேக வெச்சா ரெண்டும் சாப்பிடலாம். பிராய்லர் கோழில நிபான்னு 2018-லயே பொய் மெசேஜ் சுத்துச்சு, இன்னும் சுத்துது. அதே வருஷம் ஒரு நாட்டு வைத்தியர் வவ்வால் கடிச்ச பழம்னு சொல்லி வீடியோல தின்னு காட்டினாரு, பின்னாடி மன்னிப்பும் கேட்டாரு. தின்ன வீடியோ மட்டும்தான் நமக்கு ஃபார்வேர்டு ஆச்சு.

கே: மாஸ்க்?

ஆஸ்பத்திரிக்கு போனா போடுங்க. வீட்ல காய்ச்சல் ஆள பாத்துக்கிறவங்க போடுங்க, சோப்பு போட்டு கை கழுவுங்க. தேயிலை தோட்டத்துல தனியா நிக்கும்போது வேணாம்.

கே: பிள்ளைங்க தினமும் தாளூர், பத்தேரி பக்கம் ஸ்கூல், காலேஜுக்கு போய் வருது. நிறுத்தணுமா?

அங்க கலெக்டர் லீவு விட்டா ஒழிய நிறுத்த வேண்டாம். காய்ச்சல்னா மட்டும் அனுப்பாதீங்க, மாத்திரை குடுத்து அமுக்கி பரீட்சைக்கு அனுப்புற வேலை வேணவே வேணாம். பாதில கடிச்ச பழம், அடுத்தவன் தண்ணி பாட்டில் பகிர்ந்துக்காதீங்கன்னு சொல்லுங்க. அப்புறம், செக்போஸ்ட்ல ஒரே பிள்ளைங்கள தினமும் ரெண்டு தடவ இறக்கி லைன்ல நிக்க வெச்சு பஸ் லேட் ஆகுதுன்னு பத்து பேராவது என்கிட்ட சொல்லிட்டீங்க. ஸ்கூல்லயே காலைல பாத்து கையெழுத்து போட்ட சீட்டு குடுத்தா செக்போஸ்ட்ல விட்டுடலாமேன்னு பி.டி.ஏ. மீட்டிங்ல எழுதி குடுங்க, ஹெச்.எம்., பி.எச்.சி. ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும், ஒருத்தர்து மட்டும் இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்க.